மூன்று உதையும் ஒரு நாற்காலியும்

லோகநாயகி பொய்யே சொல்லாதவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எல்லோரும் சொல்கிற அளவுக்கு அவளும் சொல்வாள். ஆனால், தான் பிறந்த விதத்தைப் பற்றியே ஒரு நாள் பொய் சொல்ல நேரும் என்று எண்பத்தொன்பதாம் வருஷம் ஆகஸ்ட் மாதம் வரை அவளுக்குத் தெரியாது.

எல்லாம் அந்த முக்காலியால் வந்தது. மறைமலை நகரில் வண்டிகளில் அதிர்வைத் தாங்க வைக்கிற ரப்பர் புஷ் செய்கிற சின்னக் கம்பெனி ஒன்றில் அவள் டைப்பிஸ்ட். காலையில் இரும்புலியூரில் பஸ் ஏறி, பாதி வழி ஒற்றைக் காலில் தொங்கி வந்து சேர்ந்தால், உட்காரக் கிடைப்பது மெஷின் ஷாப்பில் கழித்துப்போட்ட முக்காலி. அதற்கு முதுகு கிடையாது. உயரமும் அதிகம், கால் தரையில் எட்டாது. அதில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து இரண்டு வருஷம் தட்டியதில், இடுப்புக்குக் கீழே ஒரு வலி குடிவந்தது. அது காலையில் அவளுக்கு முன்னால் எழுந்திருக்கும், ராத்திரி அவளுக்குப் பின்னால்தான் தூங்கும்.

தாம்பரத்தில் டாக்டர் ஹஃபீசாவிடம் போனாள். அந்த அம்மா அவளைக் குனிய வைத்து, நிமிர வைத்து, காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எலும்புல ஒண்ணும் இல்லம்மா. உன் வியாதி நீ உட்கார்ற சீட்டுலதான் இருக்கு" என்றார். பிறகு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். முதுகுக்குச் சாய்மானம் வேண்டும், பாதம் தரையில் படிய வேண்டும், மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்க வேண்டும், கனமான பொருளை முழங்காலை மடக்கி எடுக்க வேண்டும், வலிக்கிறதென்று நாள் கணக்கில் படுத்துக் கிடக்கக் கூடாது. "இதெல்லாம் முடியலேன்னா வேலையை விட்டுடு, இல்லேன்னா முப்பது வயசுல கிழவி மாதிரி நடப்பே."

அதைக் கேட்ட அவள் அம்மா கன்னியம்மா அப்படியே பிடித்துக்கொண்டாள். "இந்த மாசத்தோட நின்னுடு. வூட்டுல இரு. நான் சொல்ற மாப்பிள்ளையப் பாரு." வீட்டில் இருப்பதை நினைத்தாலே லோகநாயகிக்கு இன்னும் வலித்தது. அந்த டைப்ரைட்டர் சத்தம் அவளுக்குப் பிடிக்கும். கம்பெனியில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், வீட்டில் எல்லோருக்கும் அவள் "ஏய்".

நாற்காலி இல்லாமலும் இல்லை. மேனேஜர் வைத்தீஸ்வரன் அறையிலேயே ஒன்று இருந்தது. மெத்தை வைத்தது, நல்ல சாய்மானம். வாங்கி மூன்று வருஷமாகியும் பாலிதீன் உறை பிரிக்காமல் வைத்திருந்தார். எக்சைஸ் இன்ஸ்பெக்டர் வந்தால் உட்கார. இன்ஸ்பெக்டரோ வந்தபோதெல்லாம் நின்றபடியே டீ குடித்துவிட்டுப் போனார்.

டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு போய் நின்றாள். வைத்தீஸ்வரன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார். சிரித்தார்.

"மணிக்கு ஒரு தடவை வாக்கிங் போகணுமா? இது கம்பெனியா, மெரினா பீச்சா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். முதல்ல தப்பில்லாம டைப் அடிம்மா, முதுகு தானா சரியாயிடும்."

சீட்டைத் திருப்பிக்கூடத் தரவில்லை. அதன் பின்பக்கத்தில் யாருடைய போன் நம்பரையோ எழுதிக்கொண்டார். லோகநாயகி முக்காலிக்குத் திரும்பி வந்து, அன்று முழுக்க ஆத்திரத்தில் ஒரு தப்பும் இல்லாமல் அடித்தாள்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். வைத்தீஸ்வரனுக்கு ஒரு வாரத்துக்குள் தெரிந்தது. பேக்கிங்கில் செல்வமேரி ஒரு பெட்டியைப் பார்த்துப் பார்த்துத் தூக்கினாளாம், அது இவருக்குப் பொறுக்கவில்லை. "நாலு புஷ்ஷைத் தூக்க நாள் முழுக்கவா?" என்று வேகமாக வந்தார். முழங்காலை மடக்காமல் இடுப்பிலிருந்து குனிந்தார், பெட்டியை வெடுக்கென்று தூக்கினார், தூக்கிய கையோடு பக்கவாட்டில் திரும்பினார். எதெல்லாம் செய்யக் கூடாதோ அத்தனையும் ஒரே மூச்சில். பெட்டி கீழே விழுந்தது. மனுஷர் 'ட' எழுத்து மாதிரி அப்படியே நின்றார்.

"பிடிச்சுக்கிச்சு" என்றார், தரையைப் பார்த்து.

நாலு பேராகத் தூக்கிப் பேக்கிங் மேஜையில் குப்புறப் படுக்க வைத்தார்கள். தைலம் தடவினார்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாமென்று ஆட்டோ கூப்பிட்டால், ஜி.எஸ்.டி. ரோட்டுக் குழிகளை நினைத்தே அலறினார்.

"இதுக்கு இன்னாத்துக்கு சார் ஆஸ்பத்திரி?" என்றாள் செல்வமேரி. "காலு முன்னாடி வந்து பொறந்தவங்க யாராச்சும் மூணு ஒதை வுட்டா எந்தப் பிடிப்பும் பறந்துடும். எங்க மாமாவுக்கு அப்டிதான் போச்சு. யாருனா கீறீங்களாப்பா, காலால பொறந்தவங்க?"

மேஜையிலிருந்து ஒரு முனகல் வந்தது. லோகநாயகி கண்ணாடித் தடுப்பு வழியாக அந்த நாற்காலியைப் பார்த்தாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்கிறார்களே, ஒரு பொய் சொல்லி ஒரு நாற்காலி வாங்கக் கூடாதா என்று அவளுக்குத் தோன்றியது. மேஜைப் பக்கம் வந்து நின்றாள்.

"நான் காலால பொறந்தவதான் சார்."

வைத்தீஸ்வரன் தலையைத் திருப்ப முடியாமல், "இத்தனை நாள் ஏம்மா சொல்லலே?" என்றார்.

"வேலைக்கு மனு போட்டப்ப அதுக்குக் கட்டம் இல்ல சார். ஆனா ஒண்ணு. மிதிச்சா பத்தியம் இருக்கு. ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாளு. தப்பினா பிடிப்பு ரெண்டு மடங்கா வரும்."

"எதுவானாலும் இருக்கேன். உதைம்மா."

மொத்த பேக்கிங் செக்ஷனும் கூடிவிட்டது. லோகநாயகி செருப்பைக் கழற்றினாள். அவர் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், பெரியவர் இல்லையா. முதுகுத்தண்டின் பக்கமே போகக் கூடாது என்கிற அளவுக்குப் புத்தி இருந்தது. மேஜையை ஒட்டிக் கிடந்த பெஞ்சில் ஏறி நின்று, இடுப்புக்குக் கீழே சதைப் பிடிப்பான இடமாகப் பார்த்து இடது காலை வைத்தாள்.

"பூ மிதிக்கப் போறியா? நல்லா ஒதை" என்றாள் செல்வமேரி.

இரண்டாவது உதையில் ஆடத் தெரியாதவளின் கூடம் இருந்தது. மூன்றாவதில் இரண்டு வருஷத்து முக்காலி இருந்தது. அப்படி ஒரு சுகத்தை லோகநாயகி தன் இருபத்தேழு வயதில் அனுபவித்ததில்லை, அதை மறைப்பானேன்.

வைத்தீஸ்வரன் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். கொஞ்சம் விட்ட மாதிரி இருக்கிறது என்றார். இருக்காதா, அவ்வளவு ஒத்தடமும் அரை மணி நேரப் படுக்கையும் ஆகியிருந்தது. அவருக்கு அதெல்லாம் மறந்துபோய் உதை மட்டும் ஞாபகம் இருந்தது.

"பத்தியத்தைச் சொல்லும்மா."

லோகநாயகி டாக்டர் ஹஃபீசாவின் சீட்டை மனப்பாடமாகச் சொன்னாள். மணிக்கு ஒரு தரம் எழுந்து கேட்டு வரை நடந்து வரணும். எதை எடுத்தாலும் முழங்கால் மடக்கித்தான் எடுக்கணும். வலிக்குதுன்னு வீட்டுல படுத்தே கிடக்கக் கூடாது. பேன்ட்டுப் பின்பாக்கெட்டுல பர்ஸை வெச்சு அதும்மேல உட்காரக் கூடாது. அந்தப் பர்ஸும், அடுத்துச் சொன்ன கடைசிப் பத்தியமும் மட்டும் அவள் சொந்தச் சரக்கு.

"மிதிச்சவளுக்கும் உண்டு சார். என் உடம்புல இறங்கின பிடிப்பு நாப்பத்தெட்டு நாள் உள்ளயே கிடக்கும். நான் சாய்மானம் இல்லாம உட்கார்ந்தாலோ, என் பாதம் தரையில படாம தொங்கினாலோ, அது நேரா வந்த இடத்துக்கே திரும்பிப் போயிடும்."

"டேய், யாராவது அந்தச் சேரை எடுத்துட்டு வாங்கடா" என்றார் வைத்தீஸ்வரன். "உறையைப் பிரிச்சுட்டு."

நூற்றில் தொண்ணூறு பிடிப்பு சில வாரத்தில் தானாகவே போய்விடும் என்று, லோகநாயகி தாம்பரம் போன அன்றைக்கே டாக்டர் ஹஃபீசா சொல்லியிருந்தார். வைத்தீஸ்வரனுக்கு ஆறாம் நாளே போய்விட்டது. ஆனாலும் இதையே டாக்டர் சீட்டில் படித்தபோது சிரித்த மனுஷர், பத்தியம் என்றதும் சபரிமலைக்கு மாலை போட்டவர் போல அடங்கிப்போனார். மணி அடித்தால் எழுந்து கேட்டுக்கு நடந்தார். வாட்ச்மேன் சவுரிமுத்து, தன்னைத்தான் வேவு பார்க்கிறார் என்று பயந்து தூங்குவதையே விட்டான். முழங்கால் மடக்காமல் யாராவது பெட்டி தூக்கினால் மேனேஜர் ஓடிப்போய்த் தடுத்தார். பல வருஷமாக இருந்த முதுகுவலியே போய்விட்டது என்று முதலாளிக்கு டெலிபோனில் சொன்னார். உதையை மட்டும் சொல்லவில்லை.

லோகநாயகிக்கும் வலி ஒரு மாதத்தில் பாதியாகக் குறைந்தது. கன்னியம்மா மாப்பிள்ளைப் பேச்சைக் கொஞ்சம் தள்ளிவைத்தாள். ஆனால் மண்டலம் முடிகிற நாள் நெருங்க நெருங்க இவள் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது முடிவது ஆயுத பூஜை சமயத்தில். "பூஜை முடிஞ்சதும் சேரை உள்ள போட்டுடலாம், இன்ஸ்பெக்டர் வர்ற நேரம்" என்று வைத்தீஸ்வரன் இரண்டு தடவை சொல்லிவிட்டார். மறுபடி முக்காலி. மறுபடி வலி. அப்புறம் வீடு.

ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு வரச் சொல்வது கம்பெனி வழக்கம். அம்மாவை வரவேண்டாமென்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். கன்னியம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முதல் ஆளாய் பஸ்ஸில் ஏறினாள்.

மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுக்கிற நேரம். அத்தனை பேர் நடுவில் வைத்தீஸ்வரன் கன்னியம்மாவிடம் வந்து கைகூப்பினார்.

"வாங்கம்மா. உங்க பொண்ணை நீங்க காலால பெத்ததாலதான் நான் இன்னிக்கு நிமிர்ந்து நடக்கிறேன்."

கன்னியம்மா பொரியை மென்றபடி, "இவளையா?" என்றாள். "இவ தலையாலதான் பொறந்தா சார். வலி எடுத்து அரை மணி நேரத்துல வெளிய வந்துட்டா. பெரியவன் கேசவன்தான் காலை நீட்டிகினு வந்து என் உசுர வாங்கினான்."

பேக்கிங் செக்ஷன் முழுக்கப் பொரி மெல்லுவதை நிறுத்தியது. செல்வமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். லோகநாயகி நாற்காலியைப் பார்த்தாள். நாற்காலி போச்சு, வேலையும் போச்சு.

வைத்தீஸ்வரன் கன்னியம்மாவைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு, தம்மைச் சுற்றி நிற்கிற முப்பது பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். அத்தனை பேரும் அன்றைக்கு மேஜையைச் சுற்றி நின்றவர்கள். ஒரு டைப்பிஸ்ட் பெண்ணிடம் ஒன்றுமில்லாததற்கு மூன்று உதை வாங்கினவர் என்று நாளையிலிருந்து இந்த ஊர் முழுக்கப் பேசும். முகம் சிவந்தது, வெளுத்தது, கடைசியில் ஒரு நிலைக்கு வந்தது.

"அம்மா, நீங்க தப்பா ஞாபகம் வெச்சிருக்கீங்க" என்றார், நிதானமாக. "செல்வமேரி, அந்தச் சேருக்கும் ஒரு பொட்டு வை. அது இனிமே லோகநாயகி சேர். இன்ஸ்பெக்டருக்கு வேற பார்த்துக்கலாம்."

கன்னியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா சார் பேசுறே? பெத்தவ நானு. எனக்குத் தெரியாதா?"

"பெத்தது நீங்கதாம்மா, இல்லேன்னு சொல்லலே" என்றார் வைத்தீஸ்வரன். "உதை வாங்கினது நான். அது காலால பொறந்த காலு."