பதினேழாம் பீப்பாயில் பெயர் தெரியாத வாசனை

1.

இந்தக் கதை ஒரு பசை டியூப்பின் முதுகிலிருந்து வந்தது. வேறு எங்கிருந்தாவது வந்தது என்று சொல்லத்தான் ஆசை.

மாலை வகுப்பில் எழுத்துக் கூட்டப் பழகிய நான்காவது மாதம். வீட்டில் கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்துக்கொண்டிருந்தேன். தீப்பெட்டி, மாத்திரை அட்டை, சோப்பு உறை. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் கிடந்த பசை டியூப்பையும் விட்டுவைக்கவில்லை. ‘குழாய் விரிசல்களை அடைக்க. குடிநீர் படும் இடங்களில் கூடாது. சாராயம், பெட்ரோல் படும் இடங்களில் கூடாது. விழுங்கினால் ஆபத்து.’

‘சாராயம்’ என்பதைக் கூட்ட வெகுநேரம் பிடித்தது. கூட்டி முடித்ததும் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஐம்பத்தொரு வயதுவரை எழுத்துத் தெரியாது எனக்கு. அதுவரை அந்தப் பசையைக் கண்டு ஒரு பயமும் இருந்ததில்லை.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

அன்று வானம் இருண்டு, மழை

மழை பெய்யவில்லை. வகுப்புப் புத்தகத்தில் கதைகள் மழையோடு தொடங்குகின்றன, அதனால் வந்த மழை. அடுத்து:

ஒரு கிடங்கில் ஒரு தொழிலாளி இருந்தான். அவன் நல்லவன். அவனுக்கு

இங்கே மனைவி தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். அவளும் அதே வகுப்புதான். என்னைவிட வேகமாக வாசிப்பாள், அதை மறக்கவும் விடமாட்டாள்.

“யாரு இந்த அவன்? உங்க சட்டையைப் போட்டுக்கிட்டு உங்க கிடங்குலயே நிக்கறான்?”

“கதைம்மா. சும்மா ஒரு ஆளு.”

“சும்மா ஒரு ஆளுக்கா இப்படி அழிச்சு அழிச்சு எழுதறீங்க? அதுல ‘நல்லவன்’ வேற. யாரு குடுத்த சர்டிபிகேட்டு?”

ஆகவே ‘அவன்’ போனான். நான் வந்தேன்.

3.

நான் வேலை பார்ப்பது ஒரு விஸ்கிக் கிடங்கில். எங்கள் முதலாளிகள் எதையும் காய்ச்சுவதில்லை. காய்ச்சுகிறவர்களிடம் பர்பன் என்னும் மக்காச்சோள விஸ்கியைப் பீப்பாய் பீப்பாயாக வாங்கிவந்து, தங்கள் பெயரில் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள். அதில் எங்களுக்கென்று ஒரு பாணி உண்டு. ஏற்கெனவே ஓக் பீப்பாயில் ஆறேழு வருடம் கிடந்த சரக்கை, உட்புறம் கரியாகச் சுட்ட இன்னொரு புது ஓக் பீப்பாய்க்கு மாற்றி, மேலும் ஒன்றரை வருடம் போடுவோம். இரட்டை ஓக். பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கலக்காமல், பீப்பாயில் இருந்த உக்கிரம் அப்படியே பாட்டிலுக்குப் போகும்.*

* நூற்றுக்கு அறுபத்து நான்கு பங்கு வரை சாராயம். சிந்தினால் தரையின் பெயின்ட் உரியும். இந்தக் குறிப்பைப் பெருமையாகத்தான் எழுதத் தொடங்கினேன். பாதியில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். பெயின்ட்டை உரிப்பது பசையை விட்டுவைக்குமா?

புதுப் பீப்பாய் காய்ந்து வரும். சரக்கு ஊற்றுவதற்கு முன்னால் இரண்டு நாள் வெந்நீர் நிரப்பி வைக்கவேண்டும். பலகைகள் ஊதி ஒன்றையொன்று நெருக்கிக்கொள்ளும். ஒன்றரை வருடத்துக்கு முன்னால், பதினேழாம் பீப்பாயை நான் ஒரு நாள்தான் ஊறவைத்தேன். முதுகுவலி. சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போகும் அவசரம்.

மறுநாள் காலை வயிற்றுப் பலகை இரண்டுக்கு நடுவே கசிந்தது. காய்ந்த கோரையை இடுக்கில் திணித்து, மெழுகு பூசி, மரச்சிம்பு அடிப்பதுதான் முறை. கோரைக் கட்டு பரண் மேல் இருந்தது, ஏணி ஏறவேண்டும். என் கால்சட்டைப் பையில் முதல் நாள் வீட்டுத் தொட்டியை அடைத்த பசை மிச்சம் இருந்தது. ஆணி முனையால் குத்திக் குத்தி உள்ளே இறக்கினேன். கசிவு நின்றது. அன்று நான் கெட்டிக்காரன்.

டியூப்பை வாசித்த மறுநாள் காலை டார்ச்சோடு போய் அந்த இடுக்கைப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் பசை இருந்த தடமே இல்லை. பலகைகள் இதற்குள் நன்றாக ஊதி நெருங்கியிருந்தன. வெளியே ஒரு துளிப் பசைகூட வடிந்திருக்கவில்லை. அப்படியானால் எங்கே போயிருக்கும்?

4.

இந்த இடத்தில், பசையை வைக்கச் சொன்னது மேஸ்திரிதான் என்று ஒரு பத்தி எழுதினேன். அந்தப் பாத்திரம் நன்றாகவே வந்திருந்தது. கட்டைக் குரல், கையில் குச்சி. வெட்டிவிட்டேன். உண்மையில் மேஸ்திரியிடம் குச்சி கிடையாது, அவருக்கு இது தெரியவும் தெரியாது. கதையில் பொய் சொல்லலாம் என்று வகுப்பு வாத்தியார் சொன்னார். ஆனால் இந்தப் பொய் கதைக்காகப் பிறந்தது இல்லை.

5.

எனக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. மூக்கம்மா.

கிடங்கின் ருசி பார்ப்பவர் அவர். மூக்கம்மா என்பது நாங்கள் வைத்த பெயர், அவருக்கும் தெரியும். ஒரு பீப்பாயில் பலகை ஓரம் லேசாகப் பூஞ்சை கண்டிருந்தால் போதும், கிளாஸை மூக்குக்குக் கொண்டுபோகாமலே தள்ளிவிடுவார். பதினேழையும் தள்ளிவிடுவார், சரக்கு சாக்கடைக்குப் போகும், நான் வாயே திறக்கவேண்டியிருக்காது. பதின்மூன்று நாள் இதை நினைத்துத்தான் சோறு இறங்கியது.

இந்தத் திங்கள் காலை பத்து மணி. கிடங்கின் கோடியில் வெள்ளையடித்த அறை, ஒரு மேசை, ஒரு ஜன்னல். செம்புக் குழாயைப் பீப்பாய்க்குள் இறக்கி, மேல் துளையைக் கட்டைவிரலால் அடைத்துத் தூக்கி, அவர் கிளாஸில் விட்டேன். விரல் நழுவி மேசையில் கொஞ்சம் சிந்தியது.

“என்னய்யா, காலையிலயே நடுக்கம்? நீ குடிச்சுட்டு வந்தியா, இல்ல குடிக்காம வந்தியா?” என்றார் மேஸ்திரி.

மூக்கம்மா கிளாஸை வெளிச்சத்தில் சாய்த்தார். முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, வாயைச் சற்றே திறந்து வைத்துக்கொண்டு முகர்ந்தார். இவ்வளவு உக்கிரமான சரக்கில் மூக்கை நேரே விட்டால் எரிந்துவிடும்.

“எரிஞ்ச சர்க்கரை. வெனிலா. கொஞ்சம் பட்டை. புது மரம் நல்லாப் பிடிச்சிருக்கு.” நிறுத்தினார். மறுபடி முகர்ந்தார். “பின்னாடி ஒண்ணு நிக்குதே. என்னது அது?”

நான் செம்புக் குழாயைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். தள்ளும்மா, தள்ளு.

“மூக்குக்கே தெரியலைன்னா நாங்க எங்க போறது?” என்றார் மேஸ்திரி.

“சும்மா இருங்க.” மூன்று சொட்டுத் தண்ணீர் விட்டார். “தண்ணி பட்டதும் இன்னும் தூக்குது. இனிப்புதான், ஆனா மரத்தோட இனிப்பு இல்ல. புதுப் பொம்மையைப் பொட்டலம் பிரிச்சா வருமே, அந்த மாதிரி. இருபது வருஷத்துல நான் இதைப் பாத்ததில்ல.”

ஒரு வாய் எடுத்தார். நாக்கில் புரட்டினார். பக்கத்தில் வாளி இருந்தது. எதையும் அவர் அதில்தான் துப்புவார், ஒரு காலையில் இருபது பீப்பாய் பார்க்கிறவர் விழுங்கினால் பகலைத் தாண்டமாட்டார்.

விழுங்கினார்.

“இதைத் துப்ப மனசு வரலை” என்றார். படிவத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று என்று எழுதினார். வாசித்தேன். வாசிக்கத் தெரிந்துவிட்டதே.

“மத்ததோட கலக்க வேணாம், தனியாவே அடைப்போம். வியாழக்கிழமை மெஷின் காலியா? சரி.” பிறகு என் பக்கம் திரும்பினார். “அண்ணே, இதை நிரப்புனது நீங்கதானே? என்ன பண்ணீங்க?”

“வழக்கம்போலத்தான்மா.”

“மறைக்காதீங்க. அடுத்த மாசம் நாப்பது பீப்பாய் வருது. எல்லாத்துக்கும் அதையே பண்ணணும். ஒரு வாய் நீங்களும் பாருங்க, உங்க கைவேலை.”

கிளாஸை நீட்டினார். இரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடித்தேன்.

நன்றாக இருந்தது. என்னைப் பயமுறுத்தியது அதுதான்.

6.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ) சொல்லிவிடுகிறேன். சரக்கு சாக்கடைக்குப் போகிறது, நான் வாசலுக்குப் போகிறேன். அத்தோடு முடியாது. பசைக்குத் தொண்ணூற்று மூன்று போட்டவர் என்று ஊர் சிரிக்கும். மூக்கம்மாவுக்கு மூக்குதான் சோறு.

ஆ) சொல்லவில்லை. நூற்றெண்பது பாட்டில் போகிறது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை மனைவி வாசித்தாள்.

“ஒண்ணும் ஆகலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? வாங்கிக் குடிச்சவங்க உங்ககிட்ட வந்து சொல்லுவாங்களா?”

“நானும் குடிச்சேனே. நல்லாத்தானே இருக்கேன்?”

“ரெண்டு நாளா சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருக்கீங்க. இதுதான் நல்லா இருக்கற லட்சணமா?”

இ) சுத்தியல் கைதவறி அடைப்பில் பட்டு, பதினேழு முழுவதும் தரையில்

முடிக்கவில்லை. சரக்கைக் கொட்டிவிடலாம். அந்த வாசனை அவர் மூக்கில் ஏறிவிட்டதே, அதை எங்கே கொட்டுவது? நாற்பது பீப்பாயிலும் அதைத் தேடுவார். ஒவ்வொரு தடவையும் என்னிடம் கேட்பார்.

ஈ) (எழுதவில்லை. இதில் மூக்கம்மா நேற்று வேலைக்கு வரவில்லை. உண்மையிலேயே வரவில்லை. தலைவலி என்று மேஸ்திரி சொன்னார். தலைவலி எல்லோருக்கும் வருவதுதான்.)

7.

இன்று புதன். நாளை பதினேழைப் பாட்டிலில் அடைக்கிறார்கள். மதியச் சாப்பாட்டு வேளை. காலிப் பீப்பாய் மேல் நோட்டை வைத்து எழுதுகிறேன். மூக்கம்மா வந்துவிட்டார். அறைக்கதவு திறந்துதான் இருக்கிறது. இங்கிருந்து முப்பது அடி.

வாயால் சொல்ல நான்கு தடவை போனேன். நான்கு தடவையும் “தண்ணி கொண்டாரட்டுமாம்மா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிவந்தேன். ஐந்தாவது தடவைக்கு என்னிடம் இந்தத் தாள்கள்தான் இருக்கின்றன. ஒரே பிரதி.

கொடுக்க இரண்டு கைகள் உண்டு. ஒன்று மூக்கம்மாவுடையது. இன்னொன்று வகுப்பு வாத்தியாருடையது. புதிதாக எழுதப் படித்தவர்களின் கதைகளைச் சேர்த்து அவர் புத்தகம் போடுகிறார், இன்று மாலைதான் கடைசி நாள். அவரிடம் கொடுத்தால் இது கதை. ‘நல்ல கற்பனை’ என்று தட்டிக்கொடுப்பார்.

கோணல் எழுத்தில், பென்சிலில் இதை வாசிக்கிறீர்கள் என்றால் நீங்கள் மூக்கம்மா. தயவுசெய்து தாளைக் கீழே வைத்துவிட்டு மெஷினை நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு டாக்டரிடம் போங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான் இங்கேயேதான் நிற்கிறேன்.

அச்சில் வாசிக்கிறீர்கள் என்றால், என் கால்கள் எந்தப் பக்கம் போயின என்று நீங்களே முடிவுசெய்துகொள்ள வேண்டியதுதான். மூக்கம்மா வாசித்துவிட்டுப் பிறகு அச்சுக்குக் கொடுத்திருக்கலாம். அப்படி நினைக்கத்தான் எனக்கும் பிடிக்கும். ஆனால் உங்கள் பக்கத்தில் இப்போது ஒரு கிளாஸ் இருந்தால், அடுத்த வாய்க்கு முன்னால் ஒரு தடவை முகர்ந்துவிடுங்கள்.