சலேத் கப்பல் ஏறினாளா?

மாமாவின் விரல்களுக்கிடையில் கோத்த செபமாலை மறுபடியும் வழுக்கிப் பெட்டிக்குள் விழுந்தது. நிறஞ்சனா குனிந்து எடுத்து, சிலுவை மேலே வரும்படி முதலிலிருந்து தொடங்கினாள். எடுத்த வேலையை ஒழுங்காக முடிக்காவிட்டால் அவளுக்கு நெஞ்சு ஆறாது. வின்சன் மாமா உயிரோடு இருந்திருந்தால், "விடு பிள்ளை, பொக்கற்றுக்குள்ளை போடு. துலைஞ்சால் அந்தோனியார் தேடித் தருவார்," என்று சொல்லியிருப்பார்.

"அண்ணன்ரை கை இறால் வலைக்குத்தான் வளையும்," என்றாள் பின்னால் நின்ற அம்மா, மூக்கைத் துடைத்தபடி. "மாலைக்கு எங்கை வளையப் போகுது."

நேற்று விடிய யூலிற்றா மாமி தேத்தண்ணியோடு போய் எழுப்பியபோது மாமா எழும்பவில்லை. நெஞ்சு நோய் வந்த பிறகு வள்ளத்தைத் தம்பிக்காரனிடம் விட்டுவிட்டு, மீன்பிடிக்கக் களப்பின் பக்கம் போகாமல் விறாந்தைக் கதிரையிலேயே இருந்த மனிதர். இன்று பின்னேரம் சேமக்காலையில் அடக்கம் செய்வதாக ஏற்பாடு. பந்தலுக்குக் கீழே ஊர் முழுக்க நிறைந்திருந்தது. நிறஞ்சனாவுக்கு மட்டும் இன்னும் அழுகை வரவில்லை. வரவேண்டியது தொண்டையில் ஒரு மீன்முள்ளைப் போலக் குத்திக்கொண்டு நின்றது.

அந்த முள் குத்தியது முந்தாநாள் பின்னேரம். அம்மா கொடுத்துவிட்ட இடியப்பத்தோடு அவள் வந்தபோது, மாமா குசினிப் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பிள்ளை, ஒண்டை மட்டும் சொல்லு. சலேத் கப்பல் ஏறுறாளோ, இல்லையோ?"

"சனிக்கிழமை வாசிப்பம்தானே மாமா."

"ஓம் எண்டால் தலையை ஆட்டு. இல்லையெண்டால் சும்மா இரு. உன்ரை சட்டம் உடையாது."

"அதுவும் சொல்றதுதான். பொறுங்கோ."

"அட அளறே!" என்று சிரித்தார் மாமா. அவ்வளவுதான். அந்தச் சனிக்கிழமைக்குள் அவர் போய்விட்டார்.

சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நாலு பேர். நிறஞ்சனா, அடுத்த வளவு ஸ்ரீபன், வற்றாப்பளையிலிருந்து சைக்கிளில் வரும் சாருஜன், அவன் தங்கச்சி ராஜினி. எல்லோரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். மாமா வீட்டு விறாந்தையில் மின்விசிறி இருந்ததால் அங்கே கூடினார்கள். விதிகளை எழுதியவள் நிறஞ்சனா. ஆளுக்கொரு பிடித்த வசனம் கொண்டுவர வேண்டும். மற்றவர்கள் கேள்விப்படாத ஒரு சொல் கொண்டுவர வேண்டும். பிறகு ஒரு புத்தகத்தில் ஒரு அத்தியாயம் உரக்க வாசிக்க வேண்டும். முந்தி வாசித்தவர் முடிவைச் சொல்லக் கூடாது. அது பெரிய விதி. இப்போது வாசித்துக்கொண்டிருந்த, சலேத் என்ற பெண்ணைப் பற்றிய நாவலுக்கு ஒரே ஒரு பிரதிதான். அது நிறஞ்சனாவின் அலுமாரியில் இருந்தபடியால், முடிவு தெரிந்தவளும் அவள் ஒருத்திதான்.

மாமா முதலில் மின்விசிறிக்குச் சொந்தக்காரர், அவ்வளவே. அடுத்த வாரம் கதிரையைக் கொஞ்சம் கிட்ட இழுத்தார். அதற்கடுத்த வாரம் கதையில் வந்த கப்பல் கப்பித்தானோடு சண்டை பிடிக்கத் தொடங்கினார். "இந்தக் காத்துக்கு எந்த விசரனடா பாய் விரிப்பான்?" வசனங்களையும் அவர் சும்மா விடவில்லை. 'வந்தவர்களையும் போனவர்களையும் கடல் எண்ணிக்கொண்டே இருக்கிறது' என்று ஸ்ரீபன் உருகி உருகி வாசித்தபோது, "கடலுக்கு எண்ணத் தெரிஞ்சால் எங்கடை சங்கத்துக்கு ஏனடா கணக்குப்பிள்ளை?" என்றார். ஆனால் அன்று முழுக்க அதே வசனத்தைத்தான் முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார் என்று அம்மா பிறகு சொன்னாள்.

சொற்கள்தான் அவருக்கு மெத்தப் பிடித்தவை. அளறு என்றால் சேறு என்று ராஜினி கொண்டுவந்தாள். அன்றிலிருந்து வேலி பாய்ந்த ஆடு, அவுட் கொடுத்த அம்பயர், கறண்டை நிறுத்துகிறவர்கள் எல்லோரும் அளறுதான். கௌவை என்றால் ஊர்வம்பு என்று ஸ்ரீபன் சொன்ன வாரம், மாமா மீனவர் சங்கக் கூட்டத்தில் எழும்பி, "கௌவையை விட்டுட்டு விசயத்துக்கு வாங்கோ," என்றாராம். ஏதோ புதுச் சட்டம் வந்துவிட்டதாக்கும் என்று தலைவர் அப்புத்துரை கொஞ்சநாள் பயந்து திரிந்தார்.

இப்போது அதே அப்புத்துரை ஒலிவாங்கியைப் பிடித்து, "அன்னார் பண்பின் சிகரம், பாசத்தின் பிறப்பிடம்," என்று பேசிக்கொண்டிருந்தார். நிறஞ்சனா பந்தலின் கடைசிக்குப் போய், தன் கூட்டாளிகளுக்குப் பக்கத்தில் இருந்தாள். ராஜினி கைலேஞ்சியை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தாள்.

"என்னட்டை முடிவைக் கேட்டவர்," என்றாள் நிறஞ்சனா. "முந்தாநாள். நான் சொல்லேல்லை."

சொன்னபிறகுதான் முள் இன்னும் ஆழமாய் இறங்கியது.

ஸ்ரீபன் கழுத்தைச் சொறிந்தான். "என்னட்டையும் கேட்டவர்."

"உனக்குத்தான் முடிவு தெரியாதே."

"தெரியாதுதான். ஆனால் பாவமாக் கிடந்துது. ஒண்டு சொல்லிவிட்டனான்."

"என்னெண்டு?"

"கப்பல் தண்ணிக்குள்ளை தாண்டுபோச்சு எண்டு. சலேத் ஏறேல்லை, தப்பிட்டாள் எண்டு. 'உதைத்தான்ரா நானும் நினைச்சனான், ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை' எண்டார்."

சாருஜன் நிமிர்ந்தான். "எடேய், என்னட்டையும் அதைத்தான் சொன்னவர்!"

"நீ என்ன சொன்னனி?"

"சலேத் முதல் அத்தியாயத்திலேயே செத்துப்போனாள், பிறகு வாறதெல்லாம் ஆவி எண்டு."

"விசரா! அவர் நம்பினவரோ?"

"'அதுதானே பாத்தன், அவள் சாப்பிட்டதா ஒரு இடத்திலையும் எழுதேல்லை' எண்டார்."

மூவரும் ராஜினியைப் பார்த்தார்கள். அவள் கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு, மெல்லச் சொன்னாள்: "நான் கப்பித்தானைக் கலியாணம் கட்டிவைச்சிட்டன். ரெண்டு பேரும் பேக்கரி போட்டினம் எண்டு."

"பேக்கரியோ!"

"மாமா ஒண்டுதான் கேட்டவர். 'அச்சுப்பாணோ, றோஸ்பாணோ?'"

நிறஞ்சனாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. "விதி எண்டு ஒண்டு வைச்சனாங்கள் எல்லே?"

"முடிவைச் சொல்லக் கூடாது எண்டுதான் விதி," என்றான் சாருஜன். "பொய் சொல்லக் கூடாது எண்டு நீ எழுதேல்லை."

மாமா கதிரையில் சாய்ந்து, ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பிடித்து, ஒவ்வொரு முடிவையும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டுத் தலையாட்டியது கண்முன் வந்தது. மூன்றும் பொய் என்று தெரியாமலா இருந்திருப்பார்? றோஸ்பாண் என்று ஒரு கேள்வி கேட்டவருக்கா தெரியாது? சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. தோள் குலுங்கத் தொடங்கியது. ஸ்ரீபன் முழங்காலுக்குள் தலையைப் புதைத்தான். ராஜினிக்குக் கண்ணீர் ஒழுகியது. சாருஜன் பந்தல் தடியைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் திரும்பி நின்று விக்கினான்.

செபம் சொல்லிக்கொண்டிருந்த இராசமலர் அக்கா ஓடி வந்தா. "அழுங்கோ பிள்ளையள், அழுதால்தான் ஆறும்," என்று ராஜினியின் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்தா. "எவ்வளவு பாசம் பாருங்கோ உதுகளுக்கு." ராஜினி அக்காவின் சேலைக்குள் இன்னும் கூடக் குலுங்கினாள்.

அக்கா போனபின் நிறஞ்சனா முகத்தைத் துடைத்தாள். எப்போது சிரிப்பு முடிந்து மற்றது தொடங்கியது என்று அவளுக்கே தெரியவில்லை. முள் கரைந்திருந்தது. ஆனால் ஒரு வேலை அரைகுறையாய்க் கிடந்தது.

"மூண்டு முடிவோடை போறார்," என்றாள். "சரியானதை மட்டும் கேக்காமல்."

"பெட்டி மூட முந்திச் சொல்லன்," என்றான் ஸ்ரீபன், இதில் என்ன இருக்கிறது என்பது போல.

"ஐயோ அக்கா!" ராஜினி பதறினாள். "நாங்கள் இன்னும் வாசிக்கேல்லை! அவர் கேப்பார், பக்கத்திலை நிண்டால் எங்களுக்கும் கேக்குமே!"

"அப்ப தள்ளி நில்."

"மாமாவைக் கடைசியாப் பாக்காமல் நான் ஏன் தள்ளி நிக்கோணும்?"

நிறஞ்சனா யோசித்தாள். இது விசர்வேலையா? பாவமா? செத்தவருக்குக் கேட்குமா என்பதை அவள் யோசிக்கவே இல்லை. எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்றுதான் யோசித்தாள். கடைசி அத்தியாயம் நீளம். துறைமுகத்தில் சலேத் நிற்கும் இடத்திலிருந்து சொன்னால் போதுமா? அதற்கு முந்தின இரவு அவளுக்கு வந்த தந்தியைச் சொல்லாவிட்டால் மாமாவுக்கு விளங்காதே.

"காதைப் பொத்துங்கோ," என்றாள் கடைசியில். "நான் நிமிருமட்டும் விரலை எடுக்கக் கூடாது. விதி."

பாதர் வந்து செபம் முடித்து, தீர்த்தம் தெளித்தார். "உறவினர்கள் கடைசி முத்தம் கொடுக்கலாம்," என்றார். அம்மா போனாள். சித்தப்பா போனார். யூலிற்றா மாமியைப் பெட்டியின் மறுபக்கத்தில் இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்திருந்தார்கள். மாமி சனிக்கிழமைகளில் ஒருநாளும் விறாந்தைக்கு வந்து இருந்ததில்லை. "உங்கடை கதையாலை என்ரை புட்டு ஆறுது," என்று குசினிக்குள்ளிருந்து குரல் மட்டும் வரும்; வாசிக்கத் தொடங்கினால் அங்கே சட்டிச் சத்தமும் நின்றுவிடும். இன்று அந்தக் குரலும் அடைத்துப்போயிருந்தது.

நிறஞ்சனா குனிந்தாள். ஓடிக்கொலோன் மணத்தது. நெற்றியில் முத்தமிட்டாள். பிறகு, மாமாவின் காதோடு வாயை வைத்து, தந்தியிலிருந்து தொடங்கினாள். அவசரப்படவில்லை. துறைமுகம், மழை, கப்பித்தானின் குடை எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னாள். கடைசி வசனம் அவளுக்குப் பாடம். அதை எழுத்துப் பிசகாமல் சொன்னாள். பாதர் ஒருதரம் செருமினார். பின்னால் யாரோ, "பாவம், மாமன் எண்டால் உயிர் அவளுக்கு," என்பது கேட்டது.

சொல்லி முடித்து நிமிர்ந்தாள்.

மாமாவின் காலடியில் ஸ்ரீபனும் சாருஜனும் ராஜினியும் வரிசையாக நின்றார்கள். விரல்கள் காதுக்குள். கண்களையும் இறுக்கி மூடியிருந்தார்கள். கண்ணை மூடினால் காது இன்னும் அடைக்கும் என்று ராஜினி சொல்லியிருக்க வேண்டும்.

பெட்டிக்கு அந்தப் பக்கத்தில், தாங்கிப் பிடித்திருந்த கைகளை எப்போதோ விலக்கிவிட்டு, யூலிற்றா மாமி தனியாக நின்றுகொண்டிருந்தா. அழுது வீங்கிய கண்கள் நிறஞ்சனாவையே பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டு சுட்டுவிரல்களும் காதுக்குள் இருந்தன.

முடிந்ததா என்பதுபோல மாமி புருவத்தை உயர்த்தினா.

நிறஞ்சனா தலையை ஆட்டினாள்.