நகர்த்தி வைத்த முளைக்குச்சி

முப்பத்தெட்டாயிரத்து நானூற்று ஐம்பது. உப்பங்கழியைச் சீர்செய்யும் அலுவலகத்துக்கு நான் கட்ட வேண்டியிருந்த பணம் அது. அதில் இருபத்தோராயிரத்து முந்நூறு, கரையில் தண்ணீர் போய்வரப் புதிதாக ஒரு வாய் வெட்டியதற்கு. மிச்சம் பதினேழாயிரத்து நூற்றைம்பது, நான் வெட்டி வைத்த வாயை மூடப்போவதற்கு. கடன் சீட்டில் இரண்டும் தனித்தனியாக எழுதியிருந்தது. நாற்பத்தாறு வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டு நான் போட்ட முதல் கையெழுத்து அந்தச் சீட்டில்தான். என் வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டு, "கைநாட்டு வெச்சிருந்தாலும் இதே கடன்தான். இதுக்கா ஒரு வருஷம் வகுப்புக்குப் போனீங்க?" என்றாள். அவளும் அதே மாலை வகுப்பில்தான் படித்தாள். என்னைவிடக் கெட்டி.

நடந்தது இதுதான்.

உப்பங்கழி ஓரத்தில் ஒரு பழைய இறால் பண்ணை. சுற்றிலும் கரை போட்டு, கடல்தண்ணீரை மறித்து, பத்துப் பன்னிரண்டு வருஷம் இறால் வளர்த்தார்கள். நோய் வந்ததும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். உள்ளே தண்ணீர் தேங்கிக் கறுத்துக் கிடந்தது. அழுகின முட்டை நாற்றம். ஒரு செடி இல்லை, ஒரு நண்டு வளை இல்லை. கரையில் ஒரு வாய் வெட்டிவிட்டால் ஏற்றத்துக்குத் தண்ணீர் உள்ளே வரும், வற்றத்துக்கு வெளியே போகும், அலையாத்தி மரத்து விதைகள் மிதந்து வந்து தானாக வேர் பிடிக்கும் என்பது அலுவலகத்தின் திட்டம். வெட்டும் வேலை எங்கள் ஏழு பேருக்கு வந்தது. நான் மேஸ்திரி. மொத்தத்துக்கும் ஒரே கூலி. நாலு நாளில் முடித்தாலும் காசு அதே, நாற்பது நாள் இழுத்தாலும் அதே.

அலுவலகத்து அளவைக்காரம்மா கருவி வைத்துப் பார்த்து, சிவப்புத் துணி கட்டிய முளைக்குச்சியை அடித்துவிட்டுப் போனார். முப்பது வயது இருக்கும். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம், இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. "மேஸ்திரி, இந்த இடத்துலதான். ஒரு சாண் அந்தாண்ட போகக்கூடாது" என்று என்னிடம் சொல்லித்தான் போனார்.

அந்த இடம் பாறை மாதிரி இருந்தது. பண்ணைக்காரன் உடைந்த செங்கல்லும் கப்பிக்கல்லும் கொட்டி உருளை விட்டு இறுக்கியிருக்கிறான். மூன்று நாள் வெட்டினோம். ஒரு கடப்பாரை வளைந்தது, இரண்டு மண்வெட்டிக் காம்பு முறிந்தது. என் முழங்கை ஆழத்துக்குக்கூடப் பள்ளம் விழவில்லை. மூன்றாம் நாள் மதியம் எங்கள் ஆளில் ஒருத்தன், நெட்டையன் என்று கூப்பிடுவோம், ஒதுங்கப் போனான். போன இடத்திலிருந்து சத்தம் போட்டான்.

"அண்ணே, கால் போயிருச்சு."

"எங்கடா போச்சு?"

"கரைக்குள்ள."

போய்ப் பார்த்தால் முட்டி வரைக்கும் கரை மண்ணுக்குள் நிற்கிறான். இரண்டு பேர் பிடித்து இழுத்தோம். கால் வந்தது, செருப்பு வரவில்லை. நான் மண்வெட்டியை ஒரு போடு போட்டேன். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது.

"இங்க வெட்டினா நாளைக்குச் சாயங்காலம் வீட்டுல இருக்கலாம்" என்றான் நெட்டையன். "என் செருப்பும் கெடைக்கும்."

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். முளைக்குச்சி இருந்த இடத்திலிருந்து எட்டு வைத்து எண்ணினேன், நாற்பத்திரண்டு. குச்சியைப் பிடுங்கிக்கொண்டு வந்து இங்கே அடித்தேன். இதைச் செய்தது நான்தான், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் வாய் திறந்தது. வெளித்தண்ணீர் உள்ளே பாய்ந்தபோது எல்லாரும் கரையில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தோம். செருப்பு கிடைக்கவில்லை.

அதிலிருந்து மூன்றாம் நாள் பொறியாளர் வரைபடத்தோடு வந்தார். தலை நரைத்த மனுஷன், அதிகம் பேசமாட்டார். ஒருமுறை வரைபடத்தைப் பார்த்தார், ஒருமுறை கரையைப் பார்த்தார். பிறகு அளவைக்காரம்மாவைப் பார்த்தார்.

"என்னம்மா இது? முளைய எங்க அடிச்சிருக்கீங்க?"

அந்த அம்மா நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரியாத்தான் சார் அடிச்சேன்... எப்படின்னு தெரியல."

"இந்த மாதிரி இருந்தா உங்கள நிரந்தரம் பண்ணச் சொல்லி நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

நெட்டையன் என் முதுகில் லேசாக இடித்தான். வாயை மூடிக்கொண்டு நில் என்று அர்த்தம். நின்றிருப்பேன். ஆனால் அந்த அம்மா தன் நோட்டிலேயே தப்பைத் தேடிக்கொண்டிருந்தார், அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

"ஐயா, அவங்க சரியாத்தான் அடிச்சாங்க. நான்தான் பிடுங்கி இங்க வெச்சேன்."

"ஏன்?"

"அங்க இறுகலா இருந்துச்சு. இங்க பொலபொலன்னு இருந்துச்சு."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலை. இயந்திரம் வைத்துச் சரியான இடத்தில் வெட்டச் சொன்னார், இதை மூடச் சொன்னார், இரண்டு செலவையும் என் பேரில் எழுதச் சொன்னார். மாதம் ஆயிரத்து ஐந்நூறு பிடித்தம். மற்ற ஆறு பேரும் பங்கு போட்டுக்கொள்கிறோம் என்றார்கள். குச்சியைத் தொட்ட கை ஒன்றுதான் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரியிடம் இதைச் சொன்னபோது, "பெரிய தியாகி" என்று சொல்லிவிட்டு, இரண்டு நாள் சோற்றை மட்டும் வைத்தாள், பேச்சை வைக்கவில்லை. அவள் ஐஸ் தொழிற்சாலையில் கட்டி அடுக்குகிறவள். பிடித்தம் ஆரம்பித்ததும் ஞாயிற்றுக்கிழமையும் போக ஆரம்பித்தாள்.

இயந்திரம் வந்து சரியான வாயை ஒன்றரை நாளில் வெட்டியது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கரைக்கு வரும் பாதை சகதியாகி, இயந்திரம் திரும்பிப் போனது. என் வாயை மழைக்காலம் முடிந்து மூடலாம் என்று விட்டுவிட்டார்கள்.

அளவைக்காரம்மா என்னைக் கூப்பிட்டார். "மேஸ்திரி, எண் எழுதத் தெரியுமில்ல? ரெண்டு வாயிலும் அளவுப்பலகை நட்டிருக்கேன். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தண்ணி எதுவரைக்கும் இருக்குன்னு எழுதுங்க. கூலி உண்டு."

"என்னை நம்பியா தர்றீங்க?"

"குச்சிய நகர்த்துனேன்னு சொன்ன ஆள் எண்ணை மாத்தி எழுத மாட்டீங்க."

எட்டு மாதம் எழுதினேன். முதலில் ஒரு வரி எழுதக் கால் மணி நேரம் ஆனது. என் நாலு பார்ப்பதற்கு நண்டு மாதிரி இருக்கும். மழை நாளில் நோட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளில் போவேன். எண்ணுக்குப் பக்கத்தில் கண்ணில் பட்டதையும் எழுதச் சொல்லியிருந்தார். "நாத்தம் இருக்கு" என்று எழுதினேன். இரண்டாம் மாதம் "நாத்தம் கொறவு." மூன்றாம் மாதம் "என் வாய்ப் பக்கம் நண்டு வளை பதினொன்னு." ஐந்தாம் மாதம் "சின்னச் செடி, ரெண்டு இலை, மூணு." ஏழாம் மாதம் எண்ணி முடியவில்லை. "நெறைய" என்று எழுதினேன். "நெறையன்னா எத்தனை?" என்று அந்த அம்மா சிவப்புப் பேனாவில் கேட்டிருந்தார். மறுநாள் சகதியில் இறங்கி எண்ணினேன். நூற்று அறுபத்து மூன்று.

சரியான வாய் அதற்குள் தூர்ந்துகொண்டே வந்தது. ஏற்றத்தில் வரும் வண்டல் அங்கேயே படிந்தது, வற்றத்தில் தண்ணீர் முழுசாக வெளியே போகவில்லை. என் வாயோ தன்னைத்தானே அறுத்துக்கொண்டு ஆழமானது. நான் எண்ணை மட்டும் எழுதினேன். கடன்காரன் தன் சரக்கைத் தானே புகழக்கூடாது.

மழை முடிந்து பாதை காய்ந்தும், இயந்திரம் வேறு வேலைகளுக்குப் போய்விட்டு எட்டாம் மாதம்தான் வந்து நின்றது. பணம் ஒரு பக்கம். அந்த நூற்று அறுபத்து மூன்றும் இன்று மண்ணுக்கடியில் போகும், அதற்கு நானே காசும் கட்ட வேண்டும்.

பொறியாளர் கரையில் நடந்து வந்தார். அளவைக்காரம்மா என் நோட்டைக் கையில் வைத்திருந்தார்.

"சார், மூடுறதுக்கு முன்னாடி ஒரு கால் மணி நேரம்" என்றார்.

"மணிக்கணக்கு வாடகை ஓடுது சார்" என்றான் இயந்திரக்காரன்.

"நீ அணைச்சிட்டு டீ குடி" என்றார் பொறியாளர்.

அந்த அம்மா எண்களை வாசித்தார். எட்டு மாதத்தையும் வாசிக்கவில்லை, இரண்டு வாய்க்கும் வற்றத்து அளவை மட்டும் மாறி மாறி வாசித்தார். பிறகு என்னிடம் ஒரு நீள மூங்கிலைக் கொடுத்து, என் வாயின் ஓரத்தில் குத்தச் சொன்னார். அழுத்தினேன். போனது, போய்க்கொண்டே இருந்தது. இரண்டு ஆள் ஆழம் போய் நின்றது. இழுத்ததும் நுனியில் கறுப்புச் சேறு, அதில் சிப்பி ஓடும், உளுத்துப்போன வேர்த் துண்டும்.

பொறியாளர் அந்த வேரை வாங்கி நசுக்கிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"அலையாத்தி வேர். இது கழியோட பழைய கால்வாய்" என்றார். "பண்ணைக்காரன் கால்வாய மூடி அதுமேல கரைய போட்டிருக்கான். அதான் இங்க மட்டும் மண்ணு இறுகவே இல்ல." பிறகு என் பக்கம் திரும்பினார். "உனக்கு எப்படிய்யா தெரிஞ்சுது?"

தெரிந்தது என்று சொல்லியிருந்தால் கொஞ்சம் மரியாதை கிடைத்திருக்கும்.

"ஒன்னும் தெரியாதுங்கய்யா. இறுகல வெட்டி இடுப்பு வலி."

அளவைக்காரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு நோட்டைப் பார்த்தார். பொறியாளர் குனிந்து வாயின் ஓரத்துச் செடிகளைப் பார்த்தார். பிறகு கையை ஆட்டி இயந்திரக்காரனிடம், "மூட வேணாம். அந்தப் பக்கம் தூர்ந்து கெடக்கிற வாய மூடு" என்றார்.

கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பெரிய மனுஷன் நிற்கும்போது உட்காரக் கூடாது என்பதெல்லாம் அப்போது நினைவுக்கு வரவில்லை.

அவரும் பக்கத்தில் குந்தினார். "கடன் சீட்டு இருக்கா?"

சட்டைப்பையிலிருந்து எடுத்தேன். எட்டு மாதம் வியர்வையில் ஊறியிருந்தது. மடித்த இடமெல்லாம் கிழிந்திருந்தது.

"மூடுற செலவு இல்ல, அது போச்சு. அந்தப் பக்கம் வெட்டின வாய்க்கு இடம் குறிச்சுக் குடுத்தது நான். அதுக்கு உன்கிட்ட வாங்கினா என்கிட்டயும் வாங்கணும். இதுவரைக்கும் பிடிச்சது பன்னிரண்டாயிரமா?"

"ஆமாங்கய்யா."

"அது திரும்ப வராது. முளைய நகர்த்தினதுக்கு அது. இன்னொரு தடவை மண்ணு இளகினா வந்து சொல்லு, குச்சிய தொடாதே."

"தொட மாட்டேன்."

இருபத்தாறாயிரத்து நானூற்று ஐம்பது தள்ளுபடி என்று சீட்டின் குறுக்கே எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டார். அளவைக்காரம்மாவிடம், "உங்கள நிரந்தரம் பண்ற ஃபைல அனுப்பிட்டேன், போன வாரமே" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு எழுந்தார்.

வீட்டுக்குப் போனபோது வீட்டுக்காரி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சீட்டை நீட்டினேன். வெளிச்சத்தில் பிடித்து, எழுத்தெழுத்தாகக் கூட்டாமல், ஒரே மூச்சில் வாசித்தாள். இரண்டாம் முறையும் வாசித்தாள்.

"பன்னிரண்டாயிரம் போனது போனதா?"

"போனது போனதுதான்."

"சரி" என்றாள். சீட்டை நாலாக மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வேலைக்குப் போகவில்லை. பத்து மணி வரைக்கும் தூங்கினாள். நான் சத்தம் போடாமல் கதவைச் சாத்திவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு கழிக்குப் போனேன்.