மூன்று ஆட்டம் தள்ளி வந்த சங்கு

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே. அதைக் கிளறிவிட்டவர் எங்கள் தலைமையாசிரியர் ராஜாங்கம். பிரெஞ்சுக்காரன் காலத்துப் படிப்பு. எல்லோருக்கும் அவர் முசே, பிரெஞ்சில் ஐயா.

"சுலோசனா டீச்சர், கல்லையும் நூலையும் வச்சிக்கிட்டு என்னா விளையாட்டு? வெள்ளிக்கிழமை அறிவியல் பீரியட தையலுக்குக் குடுத்துடப் போறேன்."

"இன்னிக்கு மாடிக்கு வந்து பாருங்க முசே. மில்லுல பன்னண்டு மணிச் சங்கு ஊதறப்ப ஆவி முன்னாடி தெரியும், சத்தம் பின்னாடிதான் வரும். வரலன்னா தையலே நடக்கட்டும்!" என்றேன். எனக்கு வாய் அப்படி.

எட்டாம் வகுப்புப் பெண்கள் நாற்பது பேரும் மாடியில். ஆளுக்கொரு கால் மீட்டர் நூல், அதன் முனையில் ஒரு கல். கல் ஒரு தரம் போய்த் திரும்பினால் ஒரு விநாடி. மில் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. மணி பன்னிரண்டு அடித்தது. சங்கு ஊதவில்லை. பன்னிரண்டு ஐந்து. அப்போதும் இல்லை.

"டீச்சர், காலையிலேர்ந்து மில்லுல ஸ்ட்ரைக்கு" என்றாள் வேம்பு. அவள் அப்பா காத்தவராயனுக்கு அங்கே பாய்லரில் வேலை.

"அடிப் பாவி, இத இப்பவா சொல்றது?"

"சொன்னா மாடிக்குக் கூட்டிட்டு வரமாட்டீங்களே டீச்சர்!"

முசே சிரித்தார். "நூல் ரெடியா இருக்கு. இனி ஊசிதான் வாங்கணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஸ்ட்ரைக்குன்னாலும் அப்பா நெருப்ப வுட்டுட்டு வரமாட்டாரு. நான் போய் ஒரு தரம் ஊதச் சொல்லிக் கேக்கறேன்" என்ற வேம்பு, நான் தடுப்பதற்குள் படியிறங்கி ஓடிவிட்டாள். மில் வாசலில் கொடி பிடித்து நிற்கிறவர்கள் அவளை உள்ளே விடுவார்களா? பன்னிரண்டு இருபத்தைந்து வரை ஒருத்தியும் மாடியை விட்டு இறங்கவில்லை.

"டீச்சர், ஆவி!"

மில் கூரைமேல் வெள்ளையாகப் பொங்கியது. சத்தமே இல்லை. கற்கள் எல்லாம் ஆடின.

"ஒண்ணு! ரெண்டு!"

"மூணு!" என்று எல்லோரையும் விட உரக்கக் கத்தியவர் முசே. அந்த நொடியில் சங்கு ஊதியது. ஐயோ, என்ன கூச்சல்! நானும் பிள்ளைகளோடு சேர்ந்து குதித்தேன். முசே யாரிடமோ நூலைப் பிடுங்கி வைத்திருந்தார்.

கால் மணி கழித்து மூச்சு வாங்க வேம்பு மாடியேறி வந்தாள். "கொடி புடிச்சவங்களே சொன்னாங்க டீச்சர், 'புள்ளைங்களுக்காக ஒரு தபா ஊதுய்யா'ன்னு!"

"மூணு ஆட்டம் கழிச்சுத்தாண்டி சத்தம் வந்துச்சு!" என்று தோழிகள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"பொய் சொல்லாதீங்கடி. நான் சங்குகிட்டயே நின்னேன். ஆவியும் சத்தமும் ஒண்ணாதான் வந்துச்சு."

பக்கத்தில் நின்றால் அப்படித்தான். அது புரிந்ததும் அவள் முகம் சுருங்கிப் போயிற்று. ஊத வைத்தவள் அவள். அவள் ஒருத்திதான் பார்க்கவில்லை.

முசே நூலை அவள் கையில் கொடுத்தார். "அழுவாத. ஸ்ட்ரைக்கு முடியட்டும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "வெள்ளிக்கிழமை தையல் வேணாம் டீச்சர். இவ இன்னும் பாக்கலியே."