ஓடைச் சரிவில் பூத்த ஹெல்லபோர்

மலைமேல் ஓம்பிரகாஷ் நடத்தும் சுற்றுலா விடுதியின் தோட்டத்தில் ஜீவாவுக்குக் கிடைத்த வேலை தண்ணீர் ஊற்றுவது. தோட்டக்கலையில் பட்டம் வாங்கியவள். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அதையெல்லாம் சொல்லித்தான் வேலை கேட்டாள். அவரோ அவள் கையில் ரப்பர் குழாயைக் கொடுத்தார்.

ஹெல்லபோர் என்ற குளிர்தேசத்துப் பூச்செடியை ஆசையோடு வரவழைத்து, புல்வெளி நடுவே நல்ல வெயிலில் நட்டார் அவர்.

"நெழல்ல வைக்கணும் சார். வேர்ல தண்ணியும் நிக்கக் கூடாது."

"குச்சிக்கிழங்கு போடற ஊர்க்காரிம்மா நீ. இது வேற செடி."

கோடை முடிவதற்குள் பாதி கருகிவிட்டது. மிச்சத்தைக் குப்பைக்குழியில் கொட்டச் சொன்னார். ஜீவா கொட்டவில்லை.

"நான் எடுத்துட்டுப் போறேன். பூக்க வெச்சுக் காட்டுறேன்."

"பூத்துச்சுன்னா இந்தத் தோட்டத்தையே உன் கையில தரேன், போ!" என்று சிரித்தார். செடி கருகியதைவிட அந்தச் சிரிப்புதான் அவளைச் சுட்டது. குழாயை அங்கேயே போட்டுவிட்டு, மிஞ்சிய செடிகளை அள்ளிக்கொண்டு நடந்தாள்.

அதே மலையில் குண்டனி நாடு என்ற பகுதியில், அவள் வீட்டுக்குப் பின்னால் நிலம் ஓடையை நோக்கிச் சரிகிறது. மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள் அங்கே வெயிலை வடிகட்டித்தான் கீழே விடும். சரிவில் குழியெடுத்து, மட்கிய இலையும் சாணமும் பொடிக்கல்லும் கலந்து செடிகளை நட்டாள். அம்மா பாவாயி வருடந்தோறும் கிளைகளைக் கழிப்பவள். அரிவாளோடு வந்து நின்றாள்.

"மொளகுக்கு வெளிச்சம் வேணுமே சாமி."

"இந்த ரெண்டு மரத்த மட்டும் உட்டுரும்மா."

விட்டாள். செடிகள் கரும்பச்சையாகத் தழைத்தன. விஷச்செடி என்று ஆடுகளுக்கு யார் சொன்னார்களோ, மோந்துவிட்டு ஒதுங்கிப் போயின. மார்கழிப் பனி கொட்டியது. பனிக்காலத்தில் வரவேண்டிய பூ மட்டும் வரவில்லை. ஜீப்பில் போன ஓம்பிரகாஷ் தலையை வெளியே நீட்டி, "என்ன ஜீவா, பூ பறிக்க எப்ப வரட்டும்?" என்றார். ரோட்டோரம் போய்க்கொண்டிருந்தவள் நடையை எட்டிப் போட்டாள்.

அடுத்த மார்கழியிலும் மொட்டைக் காணோம். மண்டியிட்டுச் செடியின் அடியைத் துழாவினாள். விரல் மண்ணுக்குள் போய்க்கொண்டே இருந்தது. தண்டு கிளம்பும் கழுத்துப்பகுதி முழுக்கப் புதைந்து கிடந்தது.

"அம்மா! இதுக்கு மண்ணு அணைச்சது யாரு?"

பாவாயி பெருமையாகக் களைக்கொத்தை ஊன்றி நின்றாள். "வேற யாரு, நாந்தான். நீ இல்லாதப்ப எல்லாம் களை வெட்டி அணைச்சு உட்டேன். கெழங்குக்குச் செய்யறாப்பலயேதான்."

"இது கெழங்கா? கழுத்து வரைக்கும் பொதைச்சு வெச்சிருக்கியே, அப்பறம் எப்படிப் பூக்கும்?"

"கத்தாத கண்ணு. மண்ணு அணைக்காம வெளைஞ்ச பயிர நான் பாத்ததில்ல."

அந்தக் கை மண் அணைத்து வளர்த்த மரவள்ளிக்கிழங்கை விற்ற காசில்தான் ஜீவா படித்தாள். அது தெரிந்திருந்ததால் கோபம் இன்னும் கூடியது. விரலாலேயே மண்ணை விலக்க ஆரம்பித்தாள். பாவாயியும் களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு அடுத்த செடிக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"இம்புட்டுப் போதுமா?"

"இன்னும் எடு. மொளை கெளம்பற எடம் வெளிய தெரியணும்."

பழைய இலைகளையும் ஜீவா நறுக்கி எறிந்தாள்.

மாசி பிறந்தபோது அடியிலிருந்து மொட்டுகள் எழும்பின. பிறகு நாவல்பழத் தோலின் நிறத்தில், ஐந்து இதழோடு, தலை கவிழ்ந்த பூக்கள். ஜீவா யாரையும் கூப்பிடப் போகவில்லை. பாவாயிதான் ரோட்டுக்கு ஏறிப்போய் ஜீப்பை மறித்தாள். "ஏனுங்க, எம்மவ பூவப் பாத்துட்டுப் போங்க!"

ஓம்பிரகாஷ் வந்தார். நின்றபடியே எட்டிப் பார்த்தார். "அட, தொங்கிப் போச்சே. தண்ணி ஊத்தலையா?"

"வாடல சார். குனிஞ்சுதான் பூக்கும். மொகத்தப் பாக்கணும்னா நீங்க கீழ உக்காரணும்."

தேய்த்த பேன்ட்டைப் பார்த்தார், ஈர இலைகளைப் பார்த்தார். மண்டியிட்டார். ஒரு பூவை விரலால் நிமிர்த்தியவர் சற்று நேரம் அதை விடவே இல்லை.

"நிஜமாவே பூத்திருச்சே!"

"தோட்டத்த என் கையில தரேன்னு சொன்னீங்க."

"அது… சும்மா விளையாட்டுக்கு…"

"நான் வெளையாட்டுக்குப் பூக்க வெக்கல சார்."

அவர் மறுபடி பூவைப் பார்த்தார். "சரி. நாளைக்கு வா."

"வாரேன். குழா பிடிக்க வேற ஆளப் பாத்துக்குங்க. எத எங்க நடறதுன்னு நான்தான் சொல்லுவேன்."

"நீயே சொல்லும்மா" என்றபடி எழப்போனவர், தன் முழங்கால் பட்டுச் சரிந்த மண்ணைச் செடியின் அடியில் ஒதுக்கி அழுத்தினார்.

"கைய எடுங்க!" பாவாயி போட்ட அதட்டலில் அவர் கை அப்படியே நின்றது. "இதுக்குப் போயி ஆராச்சும் மண்ணு அணைப்பாங்களா? கழுத்து மூடுனாப் பூக்காதுங்க. இதுகூடவா தெரியாது?"

ஜீவா திரும்பிப் பார்த்தாள். களைக்கொத்தைத் தோளில் சாத்தி, பிறந்ததிலிருந்தே ஹெல்லபோர் வளர்த்தவள்போல நின்றாள் அம்மா.