பச்சை விளக்கு எரிந்த இரண்டு பெட்டிகள்

மேற்பார்வையாளர் பதவி ஜெயந்தனுக்குப் போய் ஒரு மாதமாகியும், அவன் முகத்தை நேராகப் பார்க்கச் சுபாகரனுக்கு மனம் வரவில்லை. தொலைபேசி டவர்களில் பன்னிரண்டு வருடமாக ஏறி இறங்குகிறவன் சுபாகரன். ஜெயந்தன் வந்து நான்கு வருடம்தான். அவன் கழுத்தில் தொங்கிய புது அடையாள அட்டைகூடக் கண்ணை உறுத்தியது.

கொக்கட்டிச்சோலை டவரில் புதுக் கருவி பூட்ட இருவரும் போனார்கள். வாவிக்கு அக்கரையிலுள்ள டவரோடு தொடர்பு தரும் பழைய பெட்டி ஒரு கொம்பனியுடையது. புதுக் கருவி வேறொரு கொம்பனியுடையது. கேபிளால் இணைத்ததும் இரண்டிலும் பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் அழைப்புகள் பாதியில் அறுந்தன. ஜெயந்தன் இரு கொம்பனிகளுக்கும் போன் எடுத்தான். எங்கள் பெட்டி சரி, மற்றதைப் பாருங்கள் என்றே இருவரும் சொன்னார்கள்.

சுபாகரனுக்குக் காரணம் தெரியும். பழைய பெட்டியில் தகவல் அனுப்பும் வேகம் மாறாதபடி நிலையாகப் போடப்பட்டிருக்கிறது. அந்த வேகத்தைத் தானாகக் கண்டுபிடிக்கப் புதுக் கருவியை விட்டால் அது தவறாகவே கணிக்கும். அதிலும் அதே வேகத்தைக் கையால் போட வேண்டும். முன்பு வாகரை டவரில் மூன்று நாள் வெயிலில் காய்ந்து அறிந்துகொண்ட விசயம். ஆனாலும் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலை ஈஸ்வரன் கோயிலில் நின்றபோது, இது இவன் கையால் சரிவரக் கூடாது என்று வேண்டவும் செய்தான். கும்பிட்ட கை கூசியது.

பின்னேரம் அவர்களுடைய மேலதிகாரியான முகாமையாளர் ஜெயந்தனுக்குப் போன் எடுத்தார். பொழுது படுவதற்குள் சரிவராவிட்டால் பதவியைப் பற்றி யோசிக்க வேண்டிவரும் என்று அவர் சொன்னது பக்கத்தில் நின்ற சுபாகரனுக்கும் கேட்டது. அந்தப் பதவி இனித் தனக்குத்தான். அடுத்து அவர், கேபிள் பூட்டியது யார், அதில் பிழையா என்று கேட்டார். பழி தன் தலையில்தான் விழப்போகிறது என்று சுபாகரன் நினைத்தான்.

"சுபாகரன் அண்ணன் பூட்டினது, சேர். அதில பிழை வராது. எனக்குத்தான் விளங்கல்ல."

போனை வைத்துவிட்டு ஜெயந்தன் மறுபடியும் மடிக்கணினிக்கு முன் குனிந்தான். அவன் சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது. சுபாகரனால் அதற்கு மேல் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"வேகத்தை ஆட்டோவில விடாத. பழைய பெட்டியில இருக்கிற வேகத்தையே இதிலயும் கையால போடு."

ஜெயந்தன் போட்டான். அழைப்பு எடுத்துப் பார்த்தார்கள். பத்து நிமிடமாகியும் அறவில்லை.

"எப்ப அண்ணன் யோசிச்சீங்க?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம்.

"நேத்தே தெரியும். நீ தோக்கோணும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தன்."

ஜெயந்தன் மடிக்கணினியை மூடிப் பைக்குள் வைத்தான்.

"அப்ப ரெண்டு நாள் வெயிலுக்க நிண்டதுக்கு ஒரு சோடாவாவது வாங்கித் தாங்க," என்றான் பிறகு. அவன் சிரிக்கவில்லை, ஆனால் குரலில் கோபமும் இல்லை. முகாமையாளருக்குச் சொல்ல இலக்கத்தை அழுத்தினான்.

சுபாகரன் கையை நீட்டிப் போனை வாங்கினான்.

"லைன் சரி, சேர். பிந்தினது என்னாலதான். வழி தெரிஞ்சும் நான் சொல்லல்ல. ஜெயந்தன்ட பிழை இல்ல."

முகாமையாளர் சொல்லப்போவதைக் கேட்க, சுபாகரன் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றான்.