இரண்டும் ஐம்பதும்

1999ஆம் ஆண்டு ஏப்ரல் பதினேழாம் தேதி, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஐஃபெல் மலைப்பக்கத்து ஹார்ஷைட் ஊரில், லூட்கரின் மோட்டார் சைக்கிள் பட்டறையில் மூன்று பேர் இருந்தார்கள். லூட்கர் முன்சக்கரத்துக்கு அருகே ஒரு பலகையில் குந்தியிருந்தான். வண்டிக்குச் சொந்தக்காரியான மருத்துவச்சி ஹென்ரிக்கே, கவிழ்த்துப் போட்ட பீர்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். லூட்கரின் மனைவி ரோஸ்வித்தா ஜன்னலோர மேசையில், வண்டிக்கு முதுகு காட்டி, பென்சிலும் நோட்டுமாக இருந்தாள். சாலையில் அடுத்து ஒருவர் விழப்போகிற இடத்தை அந்த வண்டியின் பிரேக் விளக்கு முதல்முறை சொன்னது அன்றைக்குத்தான்.

வண்டிக்குப் பதினோரு வயது. ஏ.பி.எஸ். பிரேக்கோடு வந்த முதல் வரிசை வண்டிகளில் ஒன்று. அவசரத்தில் பிடித்தாலும் சக்கரம் இறுகிப்போகாமல், பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கும். அதில் கோளாறு என்றால் சிவப்பு விளக்கு அணையாது. விளக்கு அணையாவிட்டால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் சோதனையில், வண்டி சாலையில் ஓடலாம் என்று காட்டும் வில்லையை ஒட்டமாட்டார்கள். வில்லை இல்லாமல் ஹென்ரிக்கே மலைப் பண்ணைகளுக்குப் பிரசவம் பார்க்கப் போக முடியாது. லூட்கர் முறைப்படி ஆரம்பித்தான். முதலில் பேட்டரி, அது கிழடாக இருந்தால் ஸ்டார்ட் செய்யும்போது மின்சாரம் இறங்கி விளக்கு பொய் சொல்லும். பேட்டரி நன்றாக இருந்தது. சக்கரத்தின் பல்வளையத்துக்கும் சென்சாருக்கும் நடுவே தகடு விட்டு அளந்தான், இடைவெளி சரி. வளையத்தில் அப்பியிருந்த இரும்புத்தூளைத் துடைத்தான், ஒயர் இணைப்புகளைக் காயவைத்தான், பிரேக் எண்ணெயை மாற்றினான். விளக்கு அணையவில்லை. கடைசியில் சீட்டுக்கு அடியிலிருந்த சோதனைச் செருகியில் ஒரு கம்பித் துண்டைச் சொருகினான். அப்படிச் செய்தால், வண்டி நினைவில் வைத்திருக்கும் கோளாற்றின் எண்ணை விளக்கு சிமிட்டிக் காட்டும். நீளச் சிமிட்டல் பத்தாமிடம், குட்டைச் சிமிட்டல் ஒன்றாமிடம், பூஜ்யத்துக்குப் பத்துச் சிமிட்டல்.

மூன்று நீளம், ஒரு குட்டை. "ஒன்றும் முப்பதும்" என்று லூட்கர் குரல் கொடுத்தான். அந்த நாட்டில் முப்பத்தொன்றை அப்படித்தான் சொல்வார்கள், கடைசி இலக்கம் முதலில் வரும். ரோஸ்வித்தா 31 என்று எழுதினாள்.

"புத்தகத்துல கோளாறு எண் பதினைஞ்சோட முடிஞ்சுபோச்சு. உன் வண்டி அதுக்கு மேலயும் படிச்சிருக்கு" என்றான் லூட்கர்.

"அதான் என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது" என்றாள் ஹென்ரிக்கே.

அடுத்த புதன்கிழமை, ஏரிச் சாலையில் 3.1 என்று எழுதிய கிலோமீட்டர் கல்லருகே, கறிக்கடைக்காரரின் மருமகன் பைக்கோடு விழுந்தான். எழுந்திருக்கவில்லை. அன்று மாலையே விளக்கு தானாக அணைந்தது. மறு வசந்தத்தில், பைக்காரர்கள் கூடி வண்டிக்கு ஆசி வாங்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு எட்டு நாள் முன்னால், விளக்கு மறுபடி எரிந்தது. இம்முறை பதினேழு. 1.7 கல்லருகே மரம் கழிக்க ஏறிய வனக்காவலர் ஏணியிலிருந்து விழுந்து முதுகெலும்பை முறித்துக்கொண்டார், விளக்கும் அந்த நிமிடமே அணைந்தது. பைக்கில் போகிறவர்களுக்கு மட்டுமல்ல என்பது அதிலிருந்து தெரிந்தது. அதன்பிறகு வருடந்தோறும் அந்த எண்ணை ரொட்டிக்கடைப் பலகையில், ரை ரொட்டியின் விலைக்குக் கீழே, சாக்பீஸால் எழுதிப்போட்டார்கள். சோதனை அதிகாரியும் விளக்கை ஒருமுறை பார்த்தார், எந்தக் கல் என்று விசாரித்தார், விளக்கு ஒழுங்காக வேலை செய்கிறது என்று குறித்துக்கொண்டு வில்லையை ஒட்டிவிட்டு, வேறு வழியாக வீட்டுக்குப் போனார்.

ரோஸ்வித்தாவின் தம்பி ஃபோல்க்மாரும் அவன் மனைவி கெஸினேவும் ஒவ்வொரு ஆசி ஞாயிறுக்கும் கொலோனிலிருந்து ஆளுக்கொரு பைக்கில் வருவார்கள். அவர்களுக்கு ரோஸ்வித்தா எண்ணைக் கடிதத்தில்தான் எழுதுவாள். போனில் சொன்ன எண் முன்பின்னாக மாறிப்போகும் என்பது அந்தப் பக்கத்தில் பால்காரருக்குக்கூடத் தெரியும்.

2001இல் அவள் எழுதிய கடிதம் இது: "இந்த வருடம் 2.5. அந்தக் கல்லருகே இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போங்கள். அதற்கு முன்னால் 5.2இல் ஏரி நன்றாகத் தெரியும், நிறுத்தி நிதானமாகக் காப்பி குடித்துவிட்டு வாருங்கள்." சொன்னபடியே நிறுத்தினார்கள். 5.2இல் கெஸினே பிளாஸ்கைத் திறந்து, தடுப்புக் கம்பியில் சாய்ந்தாள். கம்பி அவளை ஏரிப் பக்கம் விட்டுவிட்டது. அந்தக் கம்பியைப் போன வாரம்தான் புதிதாகப் போட்டிருந்தார்கள்.

விளக்கும் மனுஷன் மாதிரிதான், ஒருதரம் தவறும் என்று ஊர் சொன்னது. அடக்கம் முடிந்த மறுநாள், லூட்கர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், ரோஸ்வித்தா பட்டறையில் நின்ற அந்த வண்டியிடம் தனியாக வந்தாள். விளக்கு அணைந்தாலும், அழிக்கும்வரை எண் வண்டியின் நினைவில் இருக்கும். கம்பித் துண்டைச் சொருகி எண்ணினாள். ஐந்து நீளம், இரண்டு குட்டை. லூட்கர் அன்றைக்கு "ரெண்டும் ஐம்பதும்" என்றுதான் சொல்லியிருக்கிறான். அவள் பெஞ்சில் உட்கார்ந்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, காதில் விழுந்த வரிசையில் எழுதியிருக்கிறாள். ரோஸ்வித்தா பேட்டரி ஒயரைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தில் இரண்டு நிமிடம் பார்த்து, மறுபடி மாட்டினாள். வண்டி மறந்துவிட்டது. அவள் மறக்கவில்லை. ஒருவரிடமும் சொல்லவுமில்லை.

அதற்குப் பிறகு எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லச் சொன்னாள். 2002இல் நான்கு நீளம், நான்கு குட்டை வந்தது.

"நாலும் நாப்பதும்! இதை யாரும் திருப்பிப்போட முடியாது" என்று லூட்கர் சிரித்தான். விகற்பமில்லாமல்தான் சொன்னான். ரோஸ்வித்தாவின் பென்சில் கீழே விழுந்து மேசைக்கு அடியில் உருண்டது. குனிந்தவள் நிமிர நேரமாயிற்று. அந்த வருடம் ஒரு சைக்கிள்காரருக்குத் தோள்பட்டை எலும்போடு போயிற்று.

2003 ஏப்ரல் இருபத்தாறு, சனிக்கிழமை. அதே மூன்று பேர், அதே இடங்கள். ரோஸ்வித்தா மட்டும் நாற்காலியை விளக்கைப் பார்க்கத் திருப்பிப் போட்டிருந்தாள். பத்து நீளம் வந்தது. லூட்கர் கம்பியைப் பிடித்த கையை அசைக்கவில்லை. பிறகு பத்துக் குட்டை.

"பூஜ்யம், பூஜ்யம்" என்றான்.

யாரும் நோட்டைப் பார்க்கவில்லை, கதவைத்தான் பார்த்தார்கள். ஏரிச் சாலை தொடங்குவது பட்டறை வாசலில். 0.0 என்று எழுதிய கல் கதவிலிருந்து நான்கு எட்டு. கல்லை ஒட்டிய கம்பத்தில்தான் ஊரின் ஒரே தபால் பெட்டி, மஞ்சளாக, தொங்கியது.

"பின்பக்க வேலியைப் பிரிச்சு விடறேன். எட்டு நாளைக்கு அந்தப் பக்கமாப் போவோம், வருவோம். அவ்வளவுதானே?" என்றான் லூட்கர்.

"எனக்கு எழுபது வயசுல வேலி தாண்டணும்னு எழுதியிருக்கு" என்று ஹென்ரிக்கே எழுந்து, முதல் ஆளாகப் பின்பக்கம் போய்விட்டாள்.

கெஸினேவின் ஹெல்மெட்டுக்கு ஆசி வாங்க ஃபோல்க்மார் அடுத்த வார ஆசி ஞாயிறுக்கு வருகிறான். வந்தால் வண்டியை நிறுத்துவது வாசலில்தான். ரோஸ்வித்தா தாளை எடுத்துத் தேதியும் ஊரும் வலது மூலையில் போட்டு எழுதத் தொடங்கினாள். இந்த வருடம் 0.0, வராதே என்று முதல் வரி. அடுத்த வரிக்கு வெகுநேரம் ஆயிற்று. "2001இல் விளக்கு தவறவில்லை. அது 5.2. மாற்றி எழுதியது என் கை. அடக்கத்துக்கு மறுநாளே தெரிந்துகொண்டேன், அழித்துவிட்டேன்." படித்துப் பார்த்தாள். எண்களை ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்தாள். கடிதத்தை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தாள்.

"குடு, திங்கக்கிழமை தபால்காரர் வந்ததும் ஜன்னல் வழியாக் குடுத்துக்கலாம்" என்றான் லூட்கர்.

"ஏற்கெனவே ரெண்டு வருஷம் லேட்டு."

"அப்போ நான் போடறேன். நீ இரு."

"என் கையெழுத்து லூட்கர், நான்தான் போடணும்."

அவன் வழிவிட்டான். கம்பித் துண்டை எடுக்காமலே விட்டிருந்ததால் விளக்கு திரும்பத் திரும்பச் சிமிட்டிக்கொண்டிருந்தது. ரோஸ்வித்தா உறையின் பசையை நாக்கால் நனைத்து, விரலால் ஓரம் முழுக்க அழுத்தி ஒட்டினாள். படத்திலிருந்த தலை நேராக நிற்கும்படி பார்த்துத் தபால்தலையை ஒட்டினாள். மேல்கோட்டுப் பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள். வெளியே நல்ல வெயில். மதியத் தபால் எடுக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது. பட்டறைக்குள்ளிருந்த லூட்கர் எட்டுகளை எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. தபால் பெட்டியின் மூடி தூக்கப்படுகிற சத்தமும், உறை உள்ளே விழுகிற சத்தமும் கேட்டன. திரும்பி வரும் முதல் எட்டுக்கு அவன் காது கொடுத்திருந்தான். முதுகுக்குப் பின்னால் விளக்கு அணைந்தது.